எவர்சில்வர் கோடு போட்ட புண்ணியவான்களே!

சிங்கப்பூரில் புதுசாகக் கட்டுகிற கட்டடங்களுக்குள் நுழைந்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தைக்கு க்ளாக்கோமா என்ற கண் நோய். ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும், அதுவும் மங்கலாக. பார்வை போனவர் என்றால் ஒரேயடியாக இருட்டு என்றே இந்த வடிவமைப்பாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் போல. பெரும்பாலானவர்களுக்கு ஏதோ கொஞ்சமாவது தெரியும் ஐயா! அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள்.

அத்தையின் மருத்துவர் இடம் மாறிப் போன கட்டடத்தைச் சொல்கிறேன். சாம்பல் தரை, சாம்பல் சுவர், சாம்பல் தூண். தூணில் முட்டிக்கொள்ளாமல் வந்ததே பெரிது. பார்வை குறைந்தவர்கள் காலால் தடவி நடப்பதற்காக மேடாகப் பதிக்கும் வழிகாட்டும் கோடுகள் தரையில் இருக்கின்றன, இல்லை என்று பழி போட மாட்டேன், ஆனால் எவர்சில்வரில், அதே சாம்பல் கல்லின் மேல், விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிற மாதிரி! நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில், கவனி. ஜப்பான்காரர் செய்இச்சி மியாக்கே 1965ல் யோசித்து, 1967ல் ஒகயாமாவில் ஒரு சாலையோரம் முதன்முதலில் பதித்த ஏற்பாடு இது. அங்கே இன்றைக்கும் பெரும்பாலும் மஞ்சளாகத்தான் பதிக்கிறார்கள், காலுக்குத் தட்டுப்பட்டால் மட்டும் போதாது, மிச்சமிருக்கிற பார்வைக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதால். இங்கே மஞ்சள் போட்டால் அழகு கெட்டுவிடும் போலிருக்கிறது. சரி, அந்தக் கோட்டையாவது காலால் தடவிப் போகலாம் என்றால், நடுவில் தள்ளுபடி விளம்பரப் பலகை.

அப்புறம் அந்த லிஃப்ட்! பொத்தானே கிடையாது. வெளியே ஒரு தொடுதிரை, அதில் மாடி எண்ணைத் தொட்டால் ஏதோ ஓர் எழுத்து வரும், அந்த எழுத்துப் போட்ட லிஃப்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். வழவழவென்ற கண்ணாடியில் விரல் எதைக் கண்டுபிடிக்கும்? குரலும் இல்லை. எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் எண்கள் மேடாக இருக்கின்றன, பிரெயிலும் இருக்கிறது, அத்தை தானே தடவி அழுத்திப் போய் வருகிறார். தனியாக எம்ஆர்டி ரயில் ஏறித் தேக்கா சந்தையில் மீன் பார்த்து வாங்கி வருகிற மனுஷி, அங்கே நின்று என்னைக் கேட்கிறார்: "மேல போறதுக்கு ஒரு ஆளக் கையோட கூட்டிட்டு வரணுமாடா?"

கட்டடங்களை எல்லாரும் புழங்கும்படி கட்டச் சொல்லும் விதிகள் சிங்கப்பூருக்கு 1990லேயே வந்துவிட்டன. கோடு இருக்கிறதா, இருக்கிறது, டிக். அது யார் கண்ணுக்காவது தெரிகிறதா என்று ஒரு நாள் நடந்து பார்த்திருப்பார்களா?

நிர்வாகத்துக்கு எழுதினேன். கோட்டை மாற்றுவது பற்றி ஒரு வரி இல்லை. உதவி தேவைப்பட்டால் வரவேற்பு மேசையை அணுகவும் என்று பணிவாகப் பதில் வந்தது. அந்த மேசை இருப்பது மூன்றாவது மாடியில். அதே தொடுதிரையைத் தொட்டுத்தான் போக வேண்டும்.