17 பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்றைய நிகழ்ச்சியை நடத்திய பெரியவரின் பதிவை நேற்று நாலு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மையே இல்லையாம், பாதியில் கிளம்பிப் போய்விட்டார்களாம்.

கிளம்பாமல்? பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்யும் வேலை என்று சொல்லித்தானே காலை ஏழரைக்கு வரச் சொன்னீர்கள்? வந்த 14 பிள்ளைகளையும் நாற்காலி தூக்கவும் வாசலில் பன்னீர் தெளிக்கவும் நிறுத்தினீர்கள். பதினொன்றரை வரைக்கும் ஒரு புத்தகம்கூட வெளியே வரவில்லை. பொன்னாடை மட்டும் 17 வந்தது. எண்ணினேன்.

பிள்ளைகள் வருகிறார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நமக்குத் தெரியவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் தூக்கிக்கொண்டு போனது யார்? கஜா புயலுக்கு அப்புறம் டெல்டாவுக்குத் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் ஏற்றிப் போன வண்டிகளில் யார் இருந்தார்கள்? யாரும் அப்போது அவர்களுக்குச் சேவை பற்றி வகுப்பு எடுக்கவில்லை.

“வெள்ளத்துக்கு வருவார்கள், வாராவாரம் வருவார்களா?” நியாயமான கேள்வி. எல்லாரும் வரமாட்டார்கள். சரி, வருகிற இரண்டு பேரையாவது விரட்டாமல் இருக்கலாமே.

“சர்டிஃபிகேட்டுக்குத்தான் வருகிறார்கள்.” இருக்கட்டுமே. மாணவர்களுக்கான நாட்டு நலப்பணித் திட்டம், அந்த என்.எஸ்.எஸ்., 1969-லிருந்து நடக்கிறது, இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் உழைத்தால் அங்கேயும் சான்றிதழ் உண்டு. பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டியவர்கள் இதைச் சொல்வதுதான் வேடிக்கை.

என் கதையைச் சொல்கிறேன். இருபத்தொரு வயதில் முதல் தடவை ஸ்கிரைபாகப் போனேன், அதாவது பார்வையற்ற ஒருவர் சொல்லச் சொல்ல அவருக்காகப் பரீட்சை எழுத. வரலாற்றுப் பரீட்சை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1801 என்று அந்த அண்ணன் சொன்னார். அது மருது சகோதரர்களின் வருடம், கட்டபொம்மனுக்கு 1799. என் பேனா நின்றுவிட்டது. அவருக்கு அந்த நிசப்தமே போதும். “சொன்னதை எழுதுங்க மேடம், தப்புன்னா அது என் தப்பா இருக்கட்டும்” என்றார். எழுதினேன். அன்றைக்குப் பஸ் காசுகூட யாரும் தரவில்லை, ஆனால் அடுத்த மாதமும் போனேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

ஆமாம், அந்த 14 பேரில் என் மகளும் ஒருத்தி. அதனால்தான் குதிக்கிறாள் என்று எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. சத்தம் பதிவாகிவிடக் கூடாது என்று சனிக்கிழமை ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க ஒரு பாடத்தை மூன்று தடவை வாசித்துப் பார்த்தவள் அவள். அவளுக்குத்தான் மனப்பான்மை இல்லையாம்!

செவ்வாய்க்கிழமை ஒரு பையனுக்கு ஸ்கிரைப் வேண்டும். மூன்று மணி நேரப் பரீட்சை, மணிக்கு 20 நிமிடம் கூடுதல், ஆக நாலு மணி நேரம். வர்றியா என்று அவளிடம் கேட்டேன்.

“அங்கேயும் பன்னீர் தெளிக்கணுமாம்மா?” என்றாள்.