மிஞ்சின நூல்துண்டு

எங்கட வாசிகசாலையில நாங்கள் வைச்ச பை நாளைப் பற்றின அந்தப் பதிவையும் அதுக்குக் கீழ விழுந்த சிரிப்புகளையும் பார்த்திருப்பீங்கள். "ஒரு இலக்கத்துக்குக் கொண்டாட்டமாம். சோதினைக்குப் படிக்கிற பிள்ளையளை வாசிகசாலையில இருத்தி நூல் சுத்த விடினம்." எழுதினவர் நான் மதிக்கிற மூத்தவர். ரெண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தன். ஏலேல்லை.

மார்ச் 14 பின்னேரம் பதினொரு பிள்ளையள் வந்தவை. தோசைக்கல், சைக்கிள் றிம், கிணத்துக்கட்டு, எல்லாத்தையும் சுத்தி நூல் பிடிச்சு வெட்டினம். வெட்டின நூலை விட்டத்துக்குக் குறுக்கால மூண்டு தரம் போட்டால் ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். தோசைக்கல்லிலயும் மிஞ்சும், கிணத்திலயும் மிஞ்சும். தரம் 7 பிள்ளை ஒண்டு அந்தத் துண்டை விரலில சுத்திக்கொண்டு, "ஏன் ரீச்சர் எல்லாத்துக்கும் மிஞ்சுது?" எண்டு கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு ஆயத்தமும். எந்த வட்டமெண்டாலும் சுத்தளவை விட்டத்தால பிரிச்சால் வாற ஒரே இலக்கம்தான் பை, மூண்டும் கொஞ்சமும்.

"பை எண்டால் 22/7, அவ்வளவுதானே" எண்டு கீழ ஒருவர். இல்லை ஐயா. 22/7 எண்டால் 3.142857 எண்டு வந்து, அதே இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். பை 3.141592 எண்டு தொடங்கி, அப்பிடித் திரும்பாமல் முடிவில்லாமல் போகும். நாலு மீற்றர் விட்டக் கிணத்துக்குச் சுத்துக் கணக்குப் பார்த்தால் அரைச் சென்ரிமீற்றர்தான் பிழைக்கும், மேசனுக்கு அது காணும். ஒரு கிலோமீற்றர் விட்டத்துக்கு ஒண்டேகால் மீற்றர் பிழைக்கும். ஆரியபட்டர் 499இல 3.1416 எண்டு கண்டுபோட்டு, இதுவும் கிட்டத்தட்டத்தான் எண்டு சேர்த்தே சொன்னவர்.

நான் எட்டாம் வகுப்பில "ரெண்டும் ஒண்டா சேர்?" எண்டு கேட்டன். "22/7 எண்டு போடு, கதையாதை." மிச்சப் பாடம் முழுக்க முழங்காலில. ஜாம் போத்தில் விளக்கில படிச்ச காலம் அது. அண்டிரவு விளக்கை நூத்துப்போட்டு, சூடு ஆறாத போத்திலைச் சுத்தி இருட்டுக்க நூல் பிடிச்சன். மூண்டு தரமும் கொஞ்சமும். ஆரிட்டக் கேக்கிறது? எங்களுக்குக் கணக்கெண்டால் அடியும் புள்ளியும்தான்.

வெள்ளைக்காரன்ர கூத்தாம். பை நாளைத் தொடங்கினது அவையள்தான், ஒத்துக்கொள்ளுறன். 1988இல சான் பிரான்சிஸ்கோ அறிவியல் காட்சியகம் ஒண்டில லாரி ஷா தொடங்கினவர். யுனெஸ்கோ 2019இல அதே நாளை அனைத்துலகக் கணித நாளாக்கினது. ஆனால் பை அவையின்ர சொத்தில்லை. ஐரோப்பாவுக்கு இருநூறு வருசத்துக்கு மேலால முந்தி, கேரளத்து மாதவர் முடிவிலித் தொடரால அதைப் பிடிச்சவர். கும்பகோணத்தில வளர்ந்த இராமானுஜன் 1914இல வெளியிட்ட வழியைத் தழுவித்தான் இண்டைக்கும் கணினியள் அதின்ர இலக்கங்களைக் கோடி கோடியாக் கணிக்குது.

நேரம் வீணாம். பள்ளிக்கூடங்களின்ர கிரிக்கெட் பெரிய மட்சுக்கு மூண்டு நாள் பான்ட் அடிச்சுத் திரிஞ்சால் ஒருதரும் நேரத்தைப் பற்றிக் கதைக்கிறேல்லை. நானும் போறனான்தான், அது எங்கட சந்தோசம். கணக்கில ஒரு பின்னேரம் சந்தோசப்பட்டால் மட்டும் ஏன் உங்களுக்கு இவ்வளவு கோவம்? பாஸ் பண்ணுறதுக்கு மட்டும்தானா பிள்ளையள்?

நேற்று அந்தப் பிள்ளையின்ர அம்மா போன் எடுத்தவ. "ஆக்கள் சிரிக்கினம் ரீச்சர், இனி அனுப்பேல்லை." நூல்துண்டைக் கொப்பியில பசை போட்டு ஒட்டி வைச்ச பிள்ளை அது. என்னைச் சொன்னதைத் தாங்குவன். இதைத் தாங்கேலாமல் கிடக்கு.

மார்ச் 14ஐ 3.14 எண்டு எழுதுறது எங்கட திகதி முறை இல்லை எண்டும் ஒருவர் எழுதியிருந்தார். சரி. நாங்கள் எழுதுற முறையில 22/7 எண்டால் யூலை 22. அண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு அதே வாசிகசாலையில திரும்பச் செய்வம். அந்த அம்மாவை நானே போய்க் கூப்பிடுவன். உங்களுக்கும் ஒரு கதிரை போட்டு வைப்பன் ஐயா, வாங்கோ. நூல் நான் கொண்டு வாறன்.