யுனிவர்ஸ் என்றால் 'ஒரே பாட்டு' இல்லை

"யுனி என்றால் ஒன்று, வெர்ஸ் என்றால் பாட்டு. ஆக, பிரபஞ்சமே ஒரே பாட்டு!" காலை வணக்கப் படங்களில் நட்சத்திரப் பின்னணியோடு இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கற்பனை அழகுதான், ஆனால் சொல்லின் வரலாறு வேறு.

யுனி சரி. லத்தீனில் ஊனுஸ் என்றால் ஒன்று. சிக்கல் அடுத்த பாதியில்தான். அது பாட்டு இல்லை. 'திருப்பு' என்று பொருள்படும் வெர்ட்டெரே என்ற வினையிலிருந்து வந்தது. ஒன்றாகத் திருப்பப்பட்டது, அதாவது எல்லாம் சேர்ந்த முழுமை என்பதே ஊனிவெர்சும். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது.

அப்படியென்றால் பாட்டு எங்கிருந்து வந்தது? அதுவும் அதே வெர்ட்டெரே பெற்ற பிள்ளைதான். ஏர் ஓட்டுகிறவர் வயலின் கோடிக்குப் போய், மாட்டைத் திருப்பி, அடுத்த சால் போடுகிறார் இல்லையா? அந்தச் சாலுக்கு லத்தீனில் வெர்சுஸ் என்று பெயர். சால் சாலாக உழுவதுபோல வரி வரியாக எழுதுவதால் எழுத்து வரிக்கும், அப்புறம் செய்யுள் அடிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக இரண்டு சொற்களும் பங்காளிகள். ஒன்று இன்னொன்றின் வயிற்றில் பிறக்கவில்லை.

இதே கணக்கில் போனால் யுனிவர்சிட்டியை 'ஒரே பாட்டு நகரம்' என்றல்லவா சொல்ல வேண்டும்! இடைக்கால ஐரோப்பாவில் ஊனிவெர்சிதாஸ் என்றால் ஆட்கள் சேர்ந்த குழுமம். ஆசிரியர், மாணவர் கூட்டத்துக்கு மட்டுமல்ல, கைவினைஞர் சங்கங்களுக்கும் அதே சொல்தான் வழங்கியது.