சத்தம் மட்டும் வந்த கல்யாணம்

சேரம்பாடியில் இருக்கும் என் அத்தை, ஒரு கல்யாண வீடியோவை ஒரு வாரம் காதால் மட்டும் கேட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் கூடலூரிலிருந்து பஸ் பிடித்து அவர் லைன் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

வீடியோ வந்தது இலங்கையில், ஹட்டனில் இருக்கும் பெரியப்பா வீட்டிலிருந்து. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குடியுரிமை, ஒரு பகுதியினருக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரித்த 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கியது. அத்தையும் அப்பாவும் 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரிக்கு வந்து தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பெரியப்பாவுக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்துவிட்டது. இப்போது அவர் பேத்திக்குக் கல்யாணம். அத்தைக்கு முழங்கால் வலி, போக முடியவில்லை. படத்தின் தரம் குறையக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போனை எடுத்துப்போய் டவுன்லோடு செய்து கொடுத்திருக்கிறான்.

"ஏம்மா, படம் வரல, சத்தம் மட்டும் வருது. ஆனா அண்ணன் பேசுறது நல்லா கேக்குது பாரு" என்று போனை என் காதில் வைத்தார். திரை முழுக்கக் கறுப்பு. கெட்டிமேளம் கேட்டதும், "இப்ப தாலி கட்டுறாங்க" என்றார். எந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று அவருக்கு மனப்பாடம்.

அந்த போனில் இருந்தது நான் வேலை செய்யும் வீடியோ பிளேயர் ஆப். நாலு பேர் சேர்ந்து எழுதுவது. இரண்டு வருடம் முன்பு நானேதான் அவருக்கு அதை ஏற்றிக் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். வீடியோவைச் சுருக்கித்தான் கோப்பில் வைக்கிறார்கள். சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். அதை விரித்துப் படமாக்கும் வேலைதான் டீகோடருடையது. போனின் சிப்பிலேயே அதற்குத் தனியாக ஒரு பகுதி உண்டு, அதுதான் ஹார்ட்வேர் டீகோடர். வேகமாகச் செய்யும், பேட்டரியும் அதிகம் குடிக்காது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதற்கு என்ன தெரியுமோ, அதுதான் கடைசிவரை தெரியும். அத்தையின் போனுக்கு எச்.இ.வி.சி. என்ற கோடெக் தெரியும், நிறத்தின் நுணுக்கம் 8 பிட் வரைக்கும். கல்யாண வீடியோவோ புது போனில், அதைவிட நுணுக்கமான 10 பிட்டில் எடுத்தது. சத்தம் வேறு கோடெக் என்பதால் அது மட்டும் ஒழுங்காக வந்தது. எங்கள் ஆப், டீகோடரைக் கூப்பிட ஆண்ட்ராய்டு தரும் மீடியாகோடெக் வழியாக அந்த சிப்பை மட்டுமே நம்பியிருந்தது. சிப் கைவிட்டால் வேறு வழியே வைக்கவில்லை.

சாஃப்ட்வேர் டீகோடர் என்பது அதே வேலையை போனின் பொதுவான பிராசஸரில் செய்யும் நிரல். அப்படிப்பட்ட டீகோடர்களின் தொகுப்பான எஃப்எஃப்எம்பெக் 2000லிருந்து இருக்கிறது. திறந்த மூல நிரல், புது கோடெக் வரவர அதில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இதை நம் ஆப்பில் சேர்ப்போம் என்று நான் குழுவில் கேட்டது இது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் வந்த பதில்: இப்போது வருகிற போன் எல்லாவற்றிலும் ஹார்ட்வேர் டீகோடர் இருக்கிறது, இது எதற்கு? பேட்டரி சீக்கிரம் தீரும், போன் சூடாகும், ஆப்பின் சைஸ் ஏறும். இந்த மூன்றும் உண்மைதான். ஆனால் பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். கறுப்புத் திரையை வைத்துக்கொண்டு என் அத்தை என்ன செய்வார்?

"இப்போது வருகிற போன்" என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் வந்து பாருங்கள். மகன் திருப்பூரில் வேலை செய்து புது போன் வாங்குவான், அவன் பழைய போன் தங்கைக்கு வரும், அவளிடமிருந்து அம்மாவுக்கு. பச்சைத் தேயிலை பறிக்கும் கைக்கு வந்து சேரும்போது அது ஏழெட்டு வருடப் போன். அனுப்புகிறவர்கள் கையில் மட்டும் புதுசு. ஏ.வி.1 என்ற கோடெக் 2018இல் வந்தது. அதை விரிக்கத் தெரிந்த சிப் விலை உயர்ந்த போன்களிலேயே பல வருடம் கழித்துத்தான் பரவலாக வந்தது. வி.எல்.சி. பிளேயரை உருவாக்கும் வீடியோலேன் அதே 2018இலேயே ஏ.வி.1க்கு டேவிட் என்ற சாஃப்ட்வேர் டீகோடரை வெளியிட்டுவிட்டது. 2024இல் கூகுளே அதை ஆண்ட்ராய்டு 12க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் அப்டேட் வழியாகக் கொடுத்தது. அதற்கும் பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு ஆப் தானே கையோடு கொண்டுபோனால்தான் உண்டு.

"வீடியோவை கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்தால் போதுமே" என்றும் ஒரு நண்பர் சொன்னார். எல்லா லைன் வீட்டுக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அண்ணன் மகள் இருக்கிறாளா?

சரி, சேர்த்தோம். அத்தையின் போனை வாங்கி வந்து அதிலேயே சோதித்தேன். முதலில் தத்தித் தத்தி ஓடியது. சத்தம் முன்னால் போய்விட்டது, மாப்பிள்ளை கை மாலையோடு அப்படியே நின்றது. 1080பி வீடியோவில் 10 பிட் ஃபிரேம், அதாவது தனிப் படம், ஒன்றை விரித்தால் சுமார் 6 எம்.பி. நொடிக்கு அப்படி 30. பழைய பிராசஸருக்கு அது பெரிய சுமை. பிராசஸரின் நாலு கோருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். படம் பிரிந்திருக்கும் சிறு கட்டங்களின் ஓரத்தை வழவழப்பாக்கும் லூப் ஃபில்டரை முடிந்த இடத்தில் தவிர்த்தேன். நிறத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் வேலையை பிராசஸரிடமிருந்து எடுத்து, கிராஃபிக்ஸுக்கான ஜி.பி.யு.விடம் கொடுத்தேன். பிந்திவரும் ஃபிரேமைக் காட்டாமல் விட்டுவிட்டு, சத்தத்தின் கடிகாரத்தையே படம் பின்பற்றும்படி செய்தேன். கூட்டம் நகரும்போது கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. முகம் தெளிவாகத் தெரிகிறது.

ஆப்பின் சைஸ் 6 எம்.பி. ஏறியது. வேண்டாத டீகோடர்களை எல்லாம் கழற்றிவிட்டு, 32 பிட் ஆண்ட்ராய்டுக்கும் 64 பிட் ஆண்ட்ராய்டுக்கும் தனித்தனியாக ஆப்பைக் கட்டினால் அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. இதை செட்டிங்ஸில் ஒரு பொத்தானாக வைக்கக் கூடாது. எச்.டபிள்யூ., எஸ்.டபிள்யூ. என்று எழுதியிருந்தால் அத்தைக்கு என்ன புரியும்? ஹார்ட்வேரை முதலில் கேட்க வேண்டும். அது மறுத்தால் ஆப் தானாக மாற வேண்டும். சில போன்களில் சிப் "முடியும்" என்று பட்டியலில் சொல்லிவிட்டு ஒரு ஃபிரேம்கூடத் தராது. அதனால் முதல் படம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறோம். 2 நொடியில் வரவில்லையென்றால் சாஃப்ட்வேருக்குப் போய்விடும்.

நேற்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தை அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்தார். பெரியப்பா முகம் வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "அண்ணனுக்கு முடியெல்லாம் வெளுத்துப்போச்சே" என்றார். அப்புறம் முதலிலிருந்து ஓடவிட்டார். 11 நிமிட வீடியோ. போன் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

32 பிட் ஆண்ட்ராய்டு ஓடும் போன்களில் 10 பிட் வீடியோ இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. அடுத்த வேலை அதுதான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் யாரிடமாவது ஓரமாகக் கிடக்கும் பழைய போன் இருந்தால் சோதிக்கத் தாருங்கள். திரை கீறியிருந்தாலும் பரவாயில்லை, ஆன் ஆனால் போதும். உங்கள் வீட்டில் சத்தம் மட்டும் வரும் வீடியோ இருந்தால் எந்த போன், எப்படி எடுத்த வீடியோ என்று கமெண்ட்டில் எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.