மூன்று சதவீதம் நமக்கு மட்டும்தானா?

பணவீக்க இலக்கு இனி 3 சதவீதம் என்று 2025 நவம்பரில் நம் தென்னாப்பிரிக்க நிதியமைச்சர் எனோக் கொடொங்வானா அறிவித்தார். 2000லிருந்து இருந்த 3–6 வரம்பு போய், இப்போது கூடக்குறைய ஒரு சதவீதம்தான் இடம். நான் இதை மனதார வரவேற்கிறேன். விலைவாசி அடங்கினால்தான் வட்டி இறங்கும். பென்ஷனை நம்பியிருக்கும் நம் பெரியவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆனால் இந்த 3 சதவீதத்துக்கு யார் யார் கட்டுப்படப் போகிறார்கள்?

ரிசர்வ் பேங்க் கையில் இருப்பது வட்டிதான். 2020இல் 3.5 சதவீதத்துக்கு இறங்கிய ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் பேங்க் மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2023 மே மாதம் 8.25க்கு ஏறியது. இங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் பிரைமோடு, அதாவது ரெப்போவுக்கு மேல் 3.5 சதவீதம் கூட்டி வங்கிகள் வைக்கும் அடிப்படை வட்டியோடு, சேர்ந்து ஏறி இறங்குவது. 10 லட்சம் ராண்ட், 20 வருடம் என்று கணக்குப் போடுங்கள்: 7 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 7,750 ராண்ட், 11.75 சதவீதத்தில் சுமார் 10,840. டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கிற ஒரு குடும்பம் அந்த 3,000 சொச்சத்தை மளிகையில்தான் பிடிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு வலியும் எந்த விலையைக் குறைத்தது? வட்டி ஏறினால் ஜனங்கள் காரும் சோபாவும் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், கடைக்காரரும் விலையை ஏற்றத் தயங்குவார். கரண்டையும் தண்ணீரையும் யார் தள்ளிப்போட முடியும்? அதே 2023இல் அரசு மின் நிறுவனமான எஸ்காம் கட்டணத்தை 18.65 சதவீதம் ஏற்ற, மின்கட்டணத்தை முடிவுசெய்யும் நெர்சா ஆணையம் அனுமதித்தது. அந்த வருடச் சராசரிப் பணவீக்கம் 6. அடுத்த இரண்டு வருடமும் 12க்கு மேல் ஏற்றினார்கள். என் பெரியம்மா வீட்டு மாநகராட்சி பில்லில் கரண்ட், தண்ணீர், கழிவுநீர், வீட்டு வரி எல்லாம் ஒரே தாளில் வரும். ஜூலை பிறந்தால் எல்லாத் தொகையும் ஏறியிருக்கும். அவர் தனியாக இருக்கிறார், இரண்டு பல்புக்கு மேல் போடுவதில்லை.

“வீடு இருக்கிறதே, அது சொத்துதானே” என்பார்கள். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இந்த நாட்டில் வீட்டு விலை 2007 வாக்கில் தொட்ட உச்சத்தை இன்னும் எட்டவில்லை. பத்து வருடமாக வளர்ச்சி சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் கீழே, வேலைக்குத் தயாராக இருப்பவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வேலை இல்லை. வாங்க ஆள் இருந்தால்தானே வீட்டு விலை ஏறும்?

அதனால் நான் கேட்பது இதுதான். 3 சதவீதத்துக்கு மேல் கட்டணம் ஏற்ற வரும் எஸ்காமும் மாநகராட்சியும், அது ஏன் என்று ஒவ்வொரு முறையும் மக்கள் முன் கணக்குக் காட்ட வேண்டும். காட்ட முடியாத ஏற்றத்துக்கு அனுமதி கிடையாது என்று நிதியமைச்சகம் எழுத்தில் கொடுக்கட்டும்.