பார்ட் டைம் வேலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்

செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று மும்பையில் நம் தமிழர்கள் இருக்கிற பக்கமெல்லாம் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ கிளம்பிக்கொண்டிருக்கிறது. சந்தோஷம்தான், போய் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் நாம் பணக் கணக்கு போடுகிற விதம்தான் பயமாக இருக்கிறது. ஃபீஸ் இவ்வளவு, டிக்கெட் இவ்வளவு, "மீதியை அங்க போய் பார்ட் டைம் பார்த்து சமாளிச்சுக்குவான்". அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டுக் கணக்கு போடுங்கள்.

இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கனடாவில் 24 மணி நேரம். ஜெர்மனியில் வருஷத்துக்கு 140 முழு நாட்கள். இதெல்லாம் உச்சவரம்பு மட்டும்தான். அவ்வளவு வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. பரீட்சை வாரத்தில் வாடகைக்காக ஷிஃப்ட் தேடி ஓடுகிற பிள்ளை எப்போது படிக்கும்? சம்பளம் வந்தால் வரட்டும், கைச்செலவுக்கு ஆகும். வாடகையும் சாப்பாடும் அதை நம்பி இருக்கக் கூடாது.

ஜெர்மனி விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது பணத்தை முடக்கி வைக்கிற வங்கிக் கணக்கில், 11,904 யூரோ போடச் சொல்கிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். இதைப் பலர் சும்மா காட்டுவதற்கான பணம் என்று நினைக்கிறார்கள். ஒரு மாணவர் அங்கே காலம் தள்ளக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று அந்த நாடே போட்டுக்கொடுத்த கணக்கு அது. அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான், இரண்டாம் வருஷத்துக்கும் பணம் வேண்டும். யூரோ 90 ரூபாயாக இருந்தால் இது ஏறக்குறைய 10.7 லட்சம், 100 ரூபாய் ஆனால் 11.9 லட்சம். பிள்ளை ஒரு பைசா கூடுதலாகச் செலவு செய்யாமலே ஒரு லட்சத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. அதனால் இன்றைய விலையில் கணக்கு போட்டு, மேலே பத்து சதவீதமாவது சேர்த்து வையுங்கள்.

இங்கிலாந்து விசாவுக்குத் தேவையான பணம் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்கு மட்டும் கமிஷனுக்குப் பணம் புரட்டித் தருகிற ஏஜென்டுகள் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். விசா கைக்கு வந்த மறுநாள் அந்தப் பணம் போய்விடும். பிள்ளை அங்கே போய் எதை வைத்துச் சாப்பிடும்?

அப்புறம் வட்டி. கல்விக் கடனில் படிப்புக் காலமும் பெரும்பாலும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். அதைக் கேட்டதும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 20 லட்சம், 10.5 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 17,500 ரூபாய் வட்டி. முழுத் தொகையையும் முதலிலேயே எடுத்துவிட்டால், மூன்று வருஷத்தில் சாதா வட்டியே 6.3 லட்சம் அசலோடு சேரும். பத்து வருஷத் தவணை அப்போது மாதம் 27,000 இல்லை, ஏறக்குறைய 35,500. படிக்கிறபோதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிட்டால் இந்தச் சுமை ஏறாது. முழுதாக முடியாவிட்டால் பாதியாவது கட்டுங்கள். பணத்தையும் செமஸ்டர் செமஸ்டராக வாங்குங்கள், எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை. கட்டுகிற வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருஷம் வரை சலுகை உண்டு, பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும்.

தாராவிப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனசு தாங்கவில்லை. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் சொத்தை ஈடு வைக்காமல் கிடைப்பது 7.5 லட்சம் வரைதான். செம்பூரில் ஃப்ளாட் வைத்திருப்பவர் அதை அடமானம் வைத்துக் குறைந்த வட்டிக்கு வாங்குகிறார். பத்திரம் இல்லாத வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்கிறவருக்கு அந்த வழி கிடையாது. பெரும்பாலும் கூடுதல் வட்டிக்குத் தரும் தனியார் நிதி நிறுவனம்தான் கதி. அதே மதிப்பெண், அதே கல்லூரி, இந்தப் பிள்ளைக்கு மட்டும் கடன் விலை அதிகம். இது அநியாயம். இங்குள்ள நம் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குத் திரட்டுகிற பணத்தில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கால வட்டிக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு முடிந்தாலும் போதும், இந்த வருஷமே தொடங்கலாம்.