ஆண்டர்ஸை எங்கே தொலைத்தீர்கள்?

பயோவேர் நிறுவனத்தாரே, 2010-இல் நீங்கள் உருவாக்கிய ‘டிராகன் ஏஜ்: அவேக்கனிங்’ வீடியோ விளையாட்டில் நம்முடன் வந்த ஆண்டர்ஸ், மந்திரவாதிகளை அடைத்துவைக்கும் கோபுரத்திலிருந்து தப்பி ஓடுவதையே வழக்கமாகக் கொண்டவன், ஆபத்தின் நடுவிலும் கேலி பேசுபவன், பூனைக்குட்டியோடு போர்க்களத்துக்கு வருபவன். மற்ற மந்திரவாதிகளின் விடுதலைக்காகப் போராடலாமே என்று ஜஸ்டிஸ் என்னும் ஆவி கேட்டால், அது கடினமாயிற்றே என்று நழுவிவிடுவான்.

மறு ஆண்டே வந்த ‘டிராகன் ஏஜ்’ இரண்டாம் பாகத்தில் அதே பெயரோடு நிற்பவன் யார்? பூனை இல்லை, பழைய குரல் இல்லை, அந்தச் சிரிப்பும் ஏறக்குறைய வற்றிவிட்டது. முடிவில் வழிபாட்டுத் தலத்தையே வெடிக்கச் செய்து உள்ளிருந்தவர்களைக் கொல்கிறான்.

மனிதர்கள் மாறக் கூடாது என்று யார் சொன்னார்கள்? ஆனால் அவன் ஜஸ்டிஸைத் தன் உடலுக்குள் ஏற்றுக்கொண்ட அந்தப் பெருநிகழ்வு, இரண்டு பாகங்களுக்கும் இடையில் நம் கண்ணில் படாமல் நடந்து, சில வரி உரையாடலில் முடிந்துபோகிறது. முதல் ஆட்டத்தில் நாம் எடுத்த முடிவுகளால் அவன் கோட்டையில் மாண்டிருந்தாலும் மறுபடி வந்து நிற்கிறான்! பிறகு எதற்கு எங்களிடம் முடிவெடுக்கச் சொன்னீர்கள்?

உங்களுடைய இன்னொரு விளையாட்டுத் தொடரான ‘மாஸ் எஃபெக்ட்’டில் வரும் லியாராவுக்கும் இதே கதிதான். 2007-இல் வந்த முதல் பாகத்தில் கூச்ச சுபாவமுள்ள தொல்லியல் ஆய்வாளர். 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆட்களை மிரட்டும் தகவல் தரகர். இடையில் நடந்ததை அறியத் தனியாக ஒரு படக்கதை வாங்க வேண்டுமாம். விளையாட்டுக்குக் கொடுத்த பணம் போதாதா?